ஒருங்கிணைப்பு: பொருளும் பயன்பாடும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒருங்கிணைப்பு என்றால் என்ன?

ஒன்றையொன்று சார்ந்திருக்கும் வேலைகளை, அவற்றைச் செய்வோர் வெவ்வேறு ஆட்களாகவோ பிரிவுகளாகவோ இருந்தாலும், உரிய வரிசையிலும் நேரத்திலும் அளவிலும் பொருந்தி நடக்கச் செய்வதே ஒருங்கிணைப்பு. இந்த வரையறையின் உயிர்நாடி 'சார்ந்திருக்கும்' என்ற சொல்லில் இருக்கிறது. அடுத்தடுத்த அறைகளில் இருவர் தொடர்பே இல்லாத இரண்டு வேலைகளைச் செய்துகொண்டிருந்தால் அங்கே ஒருங்கிணைக்க எதுவும் இல்லை. ஒருவர் முடித்துக் கொடுத்தால்தான் மற்றவர் தொடங்க முடியும் என்றாலோ, இருவருக்கும் ஒரே கருவி ஒரே நேரத்தில் தேவைப்பட்டாலோ, இருவரும் செய்யும் பாகங்கள் கடைசியில் ஒன்றோடொன்று பொருந்தியாக வேண்டும் என்றாலோ, அப்போதுதான் ஒருங்கிணைப்புக்குத் தேவை பிறக்கிறது.

தாமஸ் மலோன், கெவின் கிரௌஸ்டன் என்னும் இரு ஆய்வாளர்கள், பல துறைகளில் சிதறிக் கிடந்த கருத்துகளைத் திரட்டி, செயல்களுக்கு இடையிலான சார்புகளைக் கையாளுவதே ஒருங்கிணைப்பு என்று 1994இல் சுருக்கமாக வரையறுத்தார்கள். இதைவிடத் தெளிவான வரையறையை நான் கண்டதில்லை. கீழே உள்ள விடைகள் பெரும்பாலும் இதையே அடிப்படையாகக் கொண்டவை.

ஒத்துழைப்பும் ஒருங்கிணைப்பும் ஒன்றுதானே?

இல்லை. ஒத்துழைப்பு என்பது மனம் சார்ந்தது. பிறரோடு சேர்ந்து வேலை செய்ய விரும்புவதையும் அதற்கு இணங்குவதையும் அது குறிக்கிறது. ஒருங்கிணைப்பு என்பது ஏற்பாடு சார்ந்தது. நல்லெண்ணம் மிக்க பத்துப் பேர் ஓர் அவசர நிலையில் உதவ ஓடிவந்து, ஐந்து பேர் ஒரே வேலையைச் செய்ய, மிக அவசியமான இன்னொரு வேலையை ஒருவரும் தொடாமல் விட்டுவிடுவதை நாம் பார்த்திருக்கிறோம். அங்கே ஒத்துழைப்புக்குக் குறைவில்லை, ஒருங்கிணைப்புதான் இல்லை. ஒருவரையொருவர் அறியாதவர்கள், ஏன் ஒருவரையொருவர் விரும்பாதவர்கள்கூட, தெளிவான விதியும் நேர அட்டவணையும் இருந்தால் மிக நேர்த்தியாக ஒருங்கிணைந்து செயல்பட முடியும் என்பதும் உண்மை.

இந்த வேறுபாட்டை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. ஒரு வேலை கெட்டுப்போனால் 'ஒத்துழைக்கவில்லை' என்று ஆட்கள்மேல் குறை சொல்வது எளிது. ஆனால் பல நேரங்களில் குறை ஏற்பாட்டில்தான் இருக்கும்; யாரிடமிருந்து எது எப்போது வரும் என்பது யாருக்கும் சொல்லப்பட்டிருக்காது. குறையைத் தவறான இடத்தில் தேடினால் மனிதர்கள் புண்படுவார்கள், வேலையும் சீர்படாது.

பலவற்றை ஒன்றாக்குவதையும் ஒருங்கிணைப்பு என்றே எழுதுகிறார்களே?

ஆம், தமிழில் இச்சொல் இரண்டு வேலைகளைச் சுமக்கிறது. தனித்தனியாக இருந்த இரண்டு கணினி அமைப்புகளை ஒரே அமைப்பாக்குவதையும் ஒருங்கிணைப்பு என்கிறோம். தனித்தனியாகவே இருக்கும் இரண்டு குழுக்களின் செயல்களைப் பொருந்தச் செய்வதையும் ஒருங்கிணைப்பு என்கிறோம். முன்னதில் எல்லைகள் அழிகின்றன. பின்னதில் எல்லைகள் அப்படியே இருக்க, அவற்றைக் கடந்து செயல்கள் மட்டும் இசைகின்றன. அறிக்கையோ ஒப்பந்தமோ எழுதுவோர் முதற்பொருளுக்கு 'ஒன்றிணைப்பு', 'ஒன்றாக்கம்' என்று எழுதிவிட்டால் குழப்பம் குறையும். 'இரு துறைகளின் பணிகளும் ஒருங்கிணைக்கப்படும்' என்று ஒரு சுற்றறிக்கை சொன்னால், துறைகள் இணைக்கப்படப் போகின்றனவா, அல்லது தனித்தனியே இருந்து கலந்து செயல்படப் போகின்றனவா என்று படிப்பவர் தவிக்க நேரும். அங்கே வேலை இழப்பு பற்றிய அச்சம்கூட எழலாம்.

வேலைகள் ஒன்றையொன்று எந்தெந்த வகைகளில் சார்ந்திருக்கின்றன?

அமைப்பியல் ஆய்வாளர் ஜேம்ஸ் தாம்சன் 1967இல் கூறிய மூன்று வகைகள் இன்றும் பயன்படுகின்றன. முதல் வகையில், பிரிவுகள் ஒன்றோடொன்று நேரடித் தொடர்பில்லாமல் இயங்கினாலும் பொதுவான ஒரு நிதியையோ பெயரையோ வளத்தையோ பகிர்ந்துகொள்கின்றன. ஒரே நிறுவனத்தின் பல கிளைகள் இதற்கு எடுத்துக்காட்டு. இங்கே பொது விதிகள் போதும். இரண்டாவது தொடர்ச் சார்பு: ஒருவர் முடித்தது அடுத்தவருக்குப் போகிறது. இதற்குத் திட்டமும் கால அட்டவணையும் வேண்டும். மூன்றாவது வகையில் வேலை இரு திசைகளிலும் மாறிமாறிப் போய்வருகிறது. அறுவை சிகிச்சைக் கூடத்தில் அறுவை செய்பவர், மயக்க மருந்து கொடுப்பவர், செவிலியர் ஆகியோரின் செயல்கள் அப்படிப்பட்டவை. ஒருவர் செய்வது மற்றவர் அடுத்த நொடியில் செய்யவேண்டியதை மாற்றிவிடும். இங்கே அட்டவணை உதவாது, நேருக்கு நேர் பேசிக்கொண்டே இருக்க வேண்டும்.

எந்தச் சார்புக்கு எந்த வழி என்பதை அறியாமல் எல்லாவற்றுக்கும் கூட்டம் போடுவது பரவலாகக் காணப்படும் பிழை. முதல் வகைச் சார்பு மட்டும் உள்ள பிரிவுகளை வாரந்தோறும் கூட்டி உட்காரவைப்பதால் நேரந்தான் செலவாகும்.

ஒருங்கிணைப்பு நடைமுறையில் எப்படி நிகழ்கிறது?

நிர்வாகவியலில் இக்கேள்வி பழையது. பிரான்சு நாட்டின் சுரங்கப் பொறியாளரும் நிர்வாகியுமான ஆன்றி ஃபயோல், 1916இல் நிர்வாகத்தின் பணிகளாகத் திட்டமிடல், அமைத்தல், ஆணையிடல், ஒருங்கிணைத்தல், கட்டுப்படுத்தல் என்னும் ஐந்தை வகுத்தபோது ஒருங்கிணைத்தலுக்குத் தனி இடம் கொடுத்தார். பின்னர் ஹென்றி மின்ட்ஸ்பெர்க் என்னும் நிர்வாகவியல் அறிஞர், அது நிகழும் வழிகளைப் பிரித்துக் காட்டினார். இருவர் பேசிச் சரிசெய்துகொள்வது ஒரு வழி. மேற்பார்வையாளர் ஒருவர் எல்லோருக்கும் சொல்வது மற்றொன்று. செய்முறையையோ, விளைபொருளின் அளவையோ, செய்பவரின் பயிற்சியையோ முன்கூட்டியே தரப்படுத்திவிட்டால் பேச்சே தேவைப்படாது.

இந்தக் கடைசி வழியின் ஆற்றலைப் பலர் உணர்வதில்லை. இதற்குமுன் சந்தித்தே இராத ஒரு விமானியும் துணை விமானியும் விமானி அறையில் அமர்ந்து சில நிமிடங்களில் ஒரே குழுவாக இயங்கத் தொடங்குகிறார்கள் என்றால், இருவரும் ஒரே பயிற்சியையும் ஒரே சரிபார்ப்புப் பட்டியலையும் கொண்டவர்கள் என்பதுதான் காரணம். உலகச் சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட அறுவை சிகிச்சைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலும் இத்தகையதே. மயக்க மருந்து கொடுக்குமுன், தோலைக் கீறுமுன், நோயாளி கூடத்தைவிட்டுச் செல்லுமுன் என மூன்று இடங்களில் எல்லோரும் நின்று, நோயாளி யார், செய்யவிருப்பது என்ன, எந்தப் பக்கம், ஒவ்வாமை உண்டா என்று வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்க்கிறார்கள். எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் நடத்தப்பட்டு 2009இல் வெளியான ஆய்வில், இப்பட்டியல் நடைமுறைக்கு வந்தபின் அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய இறப்பு விகிதம் 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 விழுக்காடாகக் குறைந்திருந்தது.

ஆட்களைக் கூட்டினால் வேலை ஏன் விரைவதில்லை?

சார்புகளும் கூடுவதால். ஒவ்வொருவரும் மற்ற எல்லோரோடும் பேசவேண்டிய குழுவில் 5 பேர் இருந்தால் 10 தொடர்புகள். 10 பேர் இருந்தால் 45. 20 பேர் ஆனால் 190. ஆட்கள் இரட்டிப்பாகும்போது தொடர்புகள் ஏறக்குறைய நான்கு மடங்காகின்றன. தாமதமாகிக் கொண்டிருக்கும் மென்பொருள் வேலையில் புதிய ஆட்களைச் சேர்த்தால் தாமதம் மேலும் கூடும் என்று கணினி வல்லுநர் ஃபிரெட் புரூக்ஸ் 1975இல் எழுதியதன் பின்னணியில் இந்தக் கணக்கும் இருக்கிறது. ஆகவே பெரிய வேலையைச் சிறு குழுக்களாகப் பிரித்து, குழுக்களுக்கு இடையிலான சார்புகளை இயன்றவரை குறைப்பதே அறிவுடைமை. தேவையற்ற சார்பை நீக்கிவிட்டால் அதை ஒருங்கிணைக்கும் வேலையும் இல்லாமல் போகிறது. இதுவே மிக மலிவான ஒருங்கிணைப்பு.

யாரும் ஆணையிடாமலேயே ஒருங்கிணைப்பு ஏற்படுமா?

ஏற்படும். தாமஸ் ஷெல்லிங் என்னும் பொருளியலாளர், பேசிக்கொள்ள வழியில்லாத இருவர் நியூயார்க் நகரில் சந்திக்க வேண்டுமென்றால் எங்கே, எப்போது போவார்கள் என்று தம் மாணவர்களிடமும் பிறரிடமும் கேட்டார். பெருநகரில் எண்ணற்ற இடங்கள் இருந்தும், பலர் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தையும் நண்பகல் 12 மணியையும் தேர்ந்தெடுத்தார்கள். மற்றவர் எதை நினைப்பார் என்று இருவருமே நினைத்துப் பார்த்து, எல்லோர் கண்ணிலும் படும் ஒன்றில் போய் நிற்கிறார்கள். 1960இல் அவர் விளக்கிய இக்கருத்து, பிறர் என்ன செய்வார் என்பதைக் கணித்து எடுக்கும் முடிவுகளை ஆராயும் ஆட்டக் கோட்பாட்டில் ஒருங்கிணைப்புச் சிக்கல் பற்றிய ஆய்வுகளுக்கு அடித்தளமாயிற்று.

சாலையின் எந்தப் பக்கத்தில் வண்டி ஓட்டுவது என்பது இவ்வகைச் சிக்கலின் தூய வடிவம். இடமா வலமா என்பதில் உயர்வு தாழ்வு இல்லை. எல்லோரும் ஒரே பக்கத்தில் போக வேண்டும் என்பதே முக்கியம். இப்படி நிலைபெற்ற வழக்கத்தை மாற்றுவதுதான் கடினம். சுவீடன் 1967 செப்டம்பர் 3 அன்று இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாறியபோது, தேவையற்ற போக்குவரத்து முன்னரே தடை செய்யப்பட்டிருந்தது. சாலையில் இருந்த வண்டிகள் அதிகாலை 4:50 மணிக்கு நின்று, கவனமாக வலப்பக்கத்துக்கு நகர்ந்து மீண்டும் நின்று, 5 மணிக்குப் புறப்பட்டன. படிப்படியாக மாற முடியாத மாற்றம் அது. ஒரே நொடியில் அனைவரும் மாறியாக வேண்டும் என்பதால், அந்தப் பத்து நிமிட நிறுத்தம்தான் முழு ஏற்பாட்டின் மையம்.

ஒருங்கிணைப்பு பெரும்பாலும் எந்த இடத்தில் முறிகிறது?

ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்குப் பொறுப்பு மாறும் இடத்தில். இதற்கு இரண்டு நிகழ்வுகளைச் சற்று விரிவாகப் பார்ப்பது பயன் தரும்.

1977 மார்ச் 27 அன்று டெனெரீஃப் தீவின் விமான நிலையத்தில், அடர்ந்த மூடுபனியில் இரண்டு போயிங் 747 விமானங்கள் ஒரே ஓடுபாதையில் இருந்தன. ஒன்று ஓடுபாதையின் முனையில் புறப்படத் தயாராக நின்றது. மற்றொன்று அதே பாதையில் ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. முதல் விமானத்துக்குக் கிடைத்தது, வானில் ஏறியபின் செல்லவேண்டிய வழிக்கான அனுமதி மட்டுமே. அதையே புறப்படுவதற்கான அனுமதியாகக் கொண்டு தலைமை விமானி விமானத்தை ஓட்டத் தொடங்கினார். துணை விமானி வானொலியில் சொன்ன வாசகம் தெளிவற்றதாக இருந்தது. கட்டுப்பாட்டாளர் முதலில் 'ஓகே' என்றார். அதைத் தொடர்ந்து 'காத்திருங்கள், நான் அழைக்கிறேன்' என்று அவர் சொன்னதும், 'நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம்' என்று மற்ற விமானம் சொன்னதும் ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் மோதி, முதல் விமானத்தின் அறையில் கீச்சொலியாகக் கேட்டன. 583 பேர் உயிரிழந்தார்கள். அதன்பின் வானொலிச் சொற்கள் கண்டிப்பாக வரையறுக்கப்பட்டன. 'டேக்-ஆஃப்' என்ற சொல்லை, அந்த அனுமதியைக் கொடுக்கும்போதோ திரும்பப் பெறும்போதோ தவிர வேறெப்போதும் சொல்லக்கூடாது. மற்ற இடங்களில் வேறு சொல்தான். முக்கியமான அனுமதிகளை விமானி திருப்பிச் சொல்ல வேண்டும். கட்டுப்பாட்டாளர் அதைக் காதுகொடுத்துக் கேட்டுப் பிழை இருந்தால் திருத்த வேண்டும்.

இரண்டாவது, 1999 செப்டம்பர் 23 அன்று செவ்வாய்க் கோளை அடையும்போது தொலைந்துபோன மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம். ஒரு குழுவின் மென்பொருள் உந்துவிசைக் கணக்கைப் பவுண்டு விசை அலகில் கொடுத்தது. அதைப் பெற்ற குழு நியூட்டன் அலகு என்று எடுத்துக்கொண்டது. இரண்டுக்கும் 4.45 மடங்கு வேறுபாடு. சுமார் 226 கிலோமீட்டர் உயரத்தில் கடக்கவேண்டிய கலம், ஏறத்தாழ 57 கிலோமீட்டர் உயரத்துக்கு இறங்கிவிட்டது. பாதையில் ஏதோ பொருந்தவில்லை என்ற ஐயம் வழிகாட்டும் குழுவினருக்கு முன்பே எழுந்திருந்தும், அது முறையான வழியில் எடுத்துச் செல்லப்பட்டுத் தீர்க்கப்படவில்லை. இரு குழுவினரும் திறமையானவர்கள். கையளிப்பில் அலகு எது என்ற கேள்வி மட்டும் கேட்கப்படாமல் விடுபட்டது.

பேரிடர்க் காலத்தில் ஒருங்கிணைப்புக்கு என்ன ஏற்பாடுகள் உள்ளன?

1970இல் கலிபோர்னியாவில் பரவிய பெருங்காட்டுத் தீயின்போது பல தீயணைப்புத் துறைகள் சேர்ந்து வேலை செய்ய நேர்ந்தது. ஒவ்வொரு துறைக்கும் வானொலி அலைவரிசை வேறு, சொற்கள் வேறு, ஆணை வரிசை வேறு. இந்த அனுபவத்திலிருந்து உருவான நிகழ்விடக் கட்டளை முறை, எந்தத் துறையிலிருந்து வந்தவராயினும் ஒரே சொற்களையும் ஒரே பொறுப்புப் பெயர்களையும் பயன்படுத்த வேண்டும் என்றும், ஒவ்வொருவரும் ஒரே ஒரு மேலாளருக்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும் என்றும், ஒருவரின் நேரடி மேற்பார்வையில் 3 முதல் 7 பேர் வரையே இருக்கலாம் என்றும் வகுத்தது. நாடுகளைக் கடந்த உதவிப் பணிகளை இணைக்க, ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1991 டிசம்பரில் நிறைவேற்றிய தீர்மானத்தின் வழியாக உருவான அமைப்பு, இன்று மனிதநேய விவகாரங்களுக்கான ஒருங்கிணைப்பு அலுவலகமாக இயங்குகிறது. 2005 முதல் குடிநீர், உறைவிடம், ஊட்டச்சத்து, உடல்நலம் போன்ற ஒவ்வொரு துறைக்கும் முதன்மைப் பொறுப்பேற்கும் நிறுவனம் இன்னது என்று முன்கூட்டியே குறிக்கப்படுகிறது. ஒரே முகாமுக்கு மூன்று நிறுவனங்கள் போர்வை கொண்டுவர, தண்ணீர் கொண்டுவர ஒருவருமில்லை என்ற நிலையைத் தவிர்ப்பதே இதன் நோக்கம்.

உடல் ஒருங்கிணைப்பு என்று மருத்துவர்கள் குறிப்பிடுவது எது?

பல தசைகள் உரிய வரிசையிலும் அளவிலும் இயங்கி ஓர் அசைவைப் பிசிறின்றி முடிப்பது. கையை மடக்கும்போது மேற்கையின் முன்புறத் தசை சுருங்க, பின்புறத் தசை தளர வேண்டும். நின்றுகொண்டிருக்கும் ஒருவர் கையைச் சட்டென்று முன்னே உயர்த்தினால், கைத்தசை வேலை செய்யத் தொடங்குவதற்குச் சற்று முன்பே கால், முதுகுத் தசைகள் இறுகிவிடுகின்றன. கை உயர்வதால் உடல் முன்சாயும் என்பதை நரம்பு மண்டலம் முன்னறிந்து சமநிலைக்கு வழி செய்துவிடுகிறது. நாம் அறியாமலேயே நாள் முழுவதும் இது நடக்கிறது என்பது வியப்புக்குரியது.

இதில் சிறுமூளையின் பங்கு பெரிது. மூளையின் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கே உள்ள அப்பகுதியில், மொத்த நரம்பணுக்களில் பாதிக்கும் மேற்பட்டவை அடங்கியுள்ளன. அது பாதிக்கப்பட்டால் தசை வலிமை குறையாமலேயே நடை தள்ளாடும், பேச்சு குழறும், நீட்டிய விரல் இலக்கைத் தாண்டிப் போகும். மருத்துவர் தம் விரலையும் நோயாளியின் மூக்கையும் மாறிமாறித் தொடச் சொல்லிச் சோதிப்பது இதற்காகத்தான். மது அருந்தியவர் தள்ளாடுவதற்கும் சிறுமூளையின் இயக்கம் மந்தமாவது ஒரு காரணம். இத்தகைய தள்ளாட்டமோ குழறலோ திடீரென ஏற்பட்டால் பக்கவாதமாகவும் இருக்கலாம் என்பதால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

அறிவியலின் மற்றத் துறைகளில் இக்கருத்து எப்படி வழங்குகிறது?

வேதியியலில் ஓர் உலோக அயனியைச் சுற்றி மற்ற மூலக்கூறுகளோ அயனிகளோ குறிப்பிட்ட எண்ணிக்கையில் இணைந்து நிற்பதை ஆல்ஃபிரட் வெர்னர் 1893இல் விளக்கினார். அதற்காக 1913இல் நோபல் பரிசு பெற்றார். அங்கே தமிழ்ப் பாடநூல்கள் 'அணைவு' என்ற சொல்லையே ஆள்கின்றன: அணைவுச் சேர்மம், அணைவு எண். ஆகவே வேதியியல் கட்டுரையில் ஒருங்கிணைப்பு என்று எழுதாமல் இருப்பதே நல்லது. கணிதத்தில் புள்ளியின் இடத்தைக் குறிப்பவை ஆயத்தொலைவுகள். ஆங்கிலத்தில் (coordination, coordinates) சொற்கள் நெருங்கி ஒலித்தாலும் தமிழில் இரண்டும் வெவ்வேறு.

உலகப் பொது நேரத்தின் பெயரில் உள்ள 'ஒருங்கிணைந்த' என்ற சொல் மட்டும் முழுப் பொருளோடு நிற்கிறது. பல நாட்டு ஆய்வகங்களிலுள்ள நூற்றுக்கணக்கான அணுக் கடிகாரங்களின் கணக்கைச் சேர்த்து அந்நேரம் பெறப்படுகிறது. புவியின் சுழற்சியோடு அது விலகாமலிருக்க 1972 முதல் 2016 வரை 27 முறை ஒரு நொடி கூட்டப்பட்டது.

ஒருங்கிணைப்பாளரின் வேலை என்ன? அதிகாரம் இல்லாதவர் அதைச் செய்ய முடியுமா?

யார் யாருக்காகக் காத்திருக்கிறார் என்பதை எந்நேரமும் அறிந்திருப்பதே அவர் வேலையின் பெரும்பகுதி. கூட்டக் குறிப்பு எழுதுவதும் நினைவூட்டல் அனுப்புவதும் அதற்கான கருவிகள். முடிவெடுக்கும் அதிகாரம் இல்லாத ஒருங்கிணைப்பாளரும் பெரும்பயன் விளைவிக்க முடியும், ஆனால் இரண்டு உரிமைகள் அவருக்கு வேண்டும்: எல்லாப் பிரிவுகளிடமும் நிலவரத்தைக் கேட்டுப் பெறும் உரிமை, இரு பிரிவுகளின் தேவைகள் மோதும்போது அதைத் தீர்ப்பவரிடம் அன்றே கொண்டுசெல்லும் உரிமை. இவ்விரண்டையும் கொடுக்காமல் ஒருவருக்கு அப்பதவியை மட்டும் கொடுப்பது அநீதி என்றே கருதுகிறேன். பழி முழுவதும் அவர்மேல் விழும், அதைத் தடுக்கும் வழி ஒன்றும் அவர் கையில் இருக்காது.

இச்சொல்லை வாக்கியங்களில் பிழையின்றி எழுதுவது எப்படி?

பிறர் செயல்களைப் பொருந்தச் செய்பவர் 'ஒருங்கிணைக்கிறார்'. தாமே பொருந்திச் செயல்படுவோர் 'ஒருங்கிணைந்து செயல்படுகிறார்கள்'. முன்னது பிறவினை, பின்னது தன்வினை. 'குழுக்கள் ஒருங்கிணைத்துச் செயல்பட்டன' என்று எழுதினால் எதை ஒருங்கிணைத்தன என்ற கேள்வி தொங்கி நிற்கும். வல்லினத்தில் தொடங்கும் வேறொரு பெயர்ச்சொல்லுக்கு முன் அடையாக வரும்போது வல்லினம் மிகும்: ஒருங்கிணைப்புக் குழு, ஒருங்கிணைப்புப் பணி, ஒருங்கிணைப்புத் திட்டம். 'ஒருங்கிணைப்பு செய்தல்' என்று நீட்டுவதைவிட 'ஒருங்கிணைத்தல்' என்பதே செறிவானது. யாருடைய எந்த வேலை என்பதையும் சேர்த்து எழுதுவது சிறப்பு. 'நல்ல ஒருங்கிணைப்பு தேவை' என்ற வாக்கியம் யாருக்கும் எந்த வேலையையும் கொடுப்பதில்லை. 'வரைபடப் பிரிவு அளவுகளை உறுதி செய்தபின்னரே கட்டுமானப் பிரிவு பொருள்களை வரவழைக்கும். உறுதி செய்த தகவலைத் திட்ட ஒருங்கிணைப்பாளர் அன்றைக்கே எழுத்தில் தெரிவிப்பார்' என்ற வாக்கியம் மூன்று பேருக்கு வேலை கொடுக்கிறது.